இளையோர் புனைவு (தமிழ்)

இளையோர் புனைவு என்பது ஏறத்தாழ 12 முதல் 18 வயது வரையுள்ள வாசகரை எண்ணி எழுதப்படும் நாவல், குறுநாவல், சிறுகதை ஆகியவற்றைக் குறிக்கும். சிறார் கதைக்கும் பெரியவர்களுக்கான புனைவுக்கும் இடைப்பட்டது இது. தமிழில் இவ்வகை நெடுங்காலம் தனிப்பிரிவாக வளரவில்லை. சிறுவர் இதழைக் கீழே வைத்த கை நேராக வார இதழின் தொடர்கதையை எடுத்தது. அதனால் ஒரு நூல் எவ்வயதினருக்கு உரியது என்பதை அதன் உள்ளடக்கத்தைவிட, அது வெளிவந்த இதழும் பெற்ற விருதுமே பெரிதும் தீர்மானித்து வந்துள்ளன.

பெயரும் பின்னணியும்

வளரிளம் பருவம், பதின்ம வயது என்பவை இக்காலச் சொற்கள். ஆனால் வயதைக் கூறுபடுத்திப் பார்ப்பது தமிழுக்குப் புதிதன்று. உலா இலக்கியம் பெண்களைப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்தினராகப் பிரித்தது. 12, 13 வயதினர் மங்கை, 14 முதல் 19 வரையுள்ளவர் மடந்தை என வழங்கப்பட்டனர். இப்பகுப்பு பாடப்படுபவரின் வயதைச் சொன்னதேயன்றிப் படிப்பவரின் வயதைச் சொல்லவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்ந்த பெரியாழ்வார் கண்ணனின் குழந்தைப் பருவத்தைப் பாடினார். அப்பாடல்கள் பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகைக்கு முன்னோடியாகக் கருதப்படுகின்றன. பாடுபொருள் குழந்தை, கேட்போர் பெரியவர்கள். அவ்வூர் ஆண்டாளின் திருப்பாவையோ ஆயர் சிறுமியர் நோன்பாக அமைந்து, ஆசாரியர்களின் விரிவான வியாக்கியானங்களையும் பெற்றது.

இதழ்களும் சித்திரக்கதைகளும்

1947இல் தமிழில் தொடங்கிய அம்புலிமாமா, 1972இல் வந்த கோகுலம் போன்ற இதழ்கள் சிறார் வாசிப்பை வளர்த்தன. அவற்றுக்கு அடுத்த படியாகப் பலருக்கு வாய்த்தவை தமிழ்வாணனின் சங்கர்லால் துப்பறியும் கதைகளும், 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த பொன்னியின் செல்வனும் ஆகும். இவை பெரியவர்களுக்கான தொடர்களாயினும், வீட்டில் ஒரே இதழை எல்லா வயதினரும் கை மாற்றிப் படித்தனர்.

எல்லை மங்குவதற்கு ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஊர்களுக்கு அருகிலுள்ள சிவகாசி தெளிவான சான்று. அங்கிருந்து 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸின் முதல் இதழாக இரும்புக்கை மாயாவி வெளிவந்தது; அதன் மூலம் பிரிட்டனின் சிறுவர் வார இதழ் ஒன்றில் வந்த தொடர். 1984 ஜூலையில் தொடங்கிய லயன் காமிக்ஸ் தன் முதல் இதழிலேயே மாடஸ்டி பிளைஸியை நாயகியாக்கியது. மாடஸ்டியோ லண்டன் நாளிதழில் பெரியவர்கள் படித்த சித்திரத்தொடரின் நாயகி. பெரியவர்களின் கதை தமிழில் பள்ளிப் பிள்ளைகளின் பைக்குள் புகுந்தது. பின்னாளில் அப்பிள்ளைகள் வளர்ந்து நடுவயதை எட்டியபோது, அதே பதிப்பகம் ரத்தப்படலம் போன்ற அரசியல் சதிக் கதைகளைப் பெருந்தொகுப்புகளாகவும், கிராபிக் நாவல்களைத் தனி வரிசையாகவும் அவர்களுக்கு வெளியிட்டது.

எல்லையில் நிற்கும் நூல்கள்

நாயகனின் வயதை வைத்து வாசகரின் வயதை முடிவுசெய்ய இயலாது. பெருமாள்முருகனின் கூளமாதாரி ஆடு மேய்க்கும் சிறுவர்களின் உலகைச் சொல்வது. எனினும் சாதியின் இறுக்கத்தைப் பேசும் அது பெரியவர்களுக்கான நாவலாகவே வாசிக்கப்படுகிறது. மாறாக, ஜெயமோகனின் பனிமனிதன் தினமணியின் சிறுவர்மணியில் தொடராக வந்தது. இமயப் பயணக் கதைக்குள் பரிணாமம், பௌத்தம் பற்றிய கேள்விகளை எழுப்பியதால் பெரியவர்களும் விரும்பிப் படிக்கும் நூலாயிற்று.

இரா. நடராசனின் ஆயிஷா இலக்கிய இதழான கணையாழியில் குறுநாவலாக வெளிவந்தது. கேள்வி கேட்டதற்காக அடிபடும் மாணவி, வலி தெரியாதிருக்க மருந்து தேடித் தன் உடலிலேயே சோதித்து இறக்கும் கதை அது. பின்னர் சிறு நூலாகி மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் பரவியது. மாணவிக்கு அது தன் கதை. ஆசிரியருக்குத் தன்மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டு. யெஸ். பாலபாரதியின் மரப்பாச்சி சொன்ன ரகசியம் சிறார்மீதான பாலியல் அத்துமீறலைப் பேசுகிறது. பெற்றோரும் உடன் படிக்க வேண்டிய நூலாக அமைந்தது. கடினமான பொருள் வந்துவிட்டாலே அது பெரியவர் நூல் என்னும் எண்ணத்தை இவ்விரண்டும் தகர்க்கின்றன.

ராஜபாளையத்து எழுத்தாளர் கொ. மா. கோதண்டம், மேற்குத் தொடர்ச்சி மலையையும் அங்கு வாழும் பழங்குடியினரையும் பெரியவர்களுக்கான கதைகளில் எழுதியவர். சிறாருக்காக அவர் எழுதிய காட்டுக்குள்ளே இசைவிழா 2012இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. பிளவக்கல் பெரியாறும் கோவிலாறும் இறங்கிவரும் அந்த மலைத்தொடர், ஒரே எழுத்தாளரிடம் இரு வாசகர்களுக்குமான களமாயிற்று.

பிற நாடுகளில்

1951இல் பெரியவர்களுக்கென வெளியான சாலிங்கரின் 'தி கேட்சர் இன் தி ரை' பதின்ம வயதினரின் நூலாக நிலைபெற்றது. எஸ். இ. ஹின்டன் பள்ளி நாட்களில் எழுதி 1967இல் வெளிவந்த 'தி அவுட்சைடர்ஸ்' இளையோர் புனைவின் தொடக்கமாகப் பலராலும் கொள்ளப்படுகிறது. 2003இல் மார்க் ஹாடனின் ஒரே நாவல் பிரிட்டனில் சிறாருக்கு ஒன்று, பெரியவர்களுக்கு ஒன்று என இரு பதிப்புகளாக வந்தது. அமெரிக்க நூலகச் சங்கம் இளையோர் நூல்களுக்கு பிரின்ட்ஸ் விருதையும், இளையோரைக் கவரும் பெரியவர் நூல்களுக்கு அலெக்ஸ் விருதையும் வழங்குகிறது.

விருதுகளின் வரையறை

இந்தியாவில் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் 2010 முதல் வழங்கப்படுகிறது; 9 முதல் 16 வயது வரையுள்ள வாசகருக்கான நூல்கள் அதற்கு உரியவை. மேற்கூறிய மரப்பாச்சி சொன்ன ரகசியம் 2020இலும், உதயசங்கரின் ஆதனின் பொம்மை 2023இலும் இவ்விருதைப் பெற்றன. 2011இல் தொடங்கிய யுவ புரஸ்கார் 35 வயதுக்கு மேற்படாத எழுத்தாளருக்கானது. அதில் இளமை என்பது எழுதுபவரின் வயதே. 17 வயது வாசகருக்கென்று அகாதெமியில் தனி விருது இல்லை.