பாயிண்ட்ஸ்மேன் கையும் ஒரு சைக்கிள் கம்பியும்

மக்கா, நம்ம பதிவுலகத்தில் மாடல் ரயில் கிறுக்கு பிடித்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மற்றவர்கள் அதுக்காக ஓடிப்போக வேண்டாம். பொம்மை ரயில் மாதிரி ஆரம்பித்தாலும் இது தூத்துக்குடி ரயில் பற்றிய பதிவுதான். கொஞ்சம் கொசுவத்தி, கொஞ்சம் கம்பி-பலகை சமாச்சாரம்.

விஷயம் இதுதான். எட்டடி பிளைவுட்டில் பழைய தூத்துக்குடி மீட்டர்கேஜ் ஸ்டேஷனைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில் 'பாயிண்ட்' இருக்கிறதே, அதை எப்படி மாற்றுவது? பட்டனைத் தட்டினால் பலகைக்கு அடியில் இருக்கும் மோட்டார் 'டக்'கென்று மாற்றிவிடும். ரொம்பப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். நான் கையால்தான் மாற்றுவேன் என்று அடம் பிடிப்பதைப் பார்த்து வீட்டில், "காசை மிச்சம் பண்றியா?" என்கிறார்கள். அதுவும்தான், ஹி ஹி. ஆனால் உண்மையான காரணம் தூத்துக்குடியின் கதைக்குள்ளேயே இருக்கிறது.

தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1876-ல். தென்னிந்திய ரயில்வே போட்ட மீட்டர்கேஜ் பாதை, இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர். முத்துக்குளிப்பு, பருத்தி, உப்பு என்று இந்தக் கரைக்கு ஏற்கனவே பேர் இருந்தது. ரயில் வந்தபிறகு கொழும்புக்குப் போகிற வாசலாகவும் ஆனது. சென்னையிலிருந்து போட் மெயிலில் ஏறி இங்கே இறங்கி, படகில் போய், ஆழம் பத்தாததால் கரையிலிருந்து சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலில் ஏற வேண்டும். இந்தக் கடல்வழியில்தான் 1906-ல் வ.உ.சி. தன் சுதேசிக் கப்பல் கம்பெனியை வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எதிராக இறக்கினார். அந்தக் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதில் நான் ஜல்லியடிக்கப் போவதில்லை.

எனக்கு வேண்டியது கரையில் நடந்த வேலை. தூத்துக்குடி கடைசி ஸ்டேஷன், அதற்கப்புறம் கடல். வண்டியை இழுத்து வந்த இன்ஜின் மாட்டிக்கொள்ளும். அதைக் கழற்றி, பக்கத்து லூப் லைன் வழியாகச் சுற்றிக் கொண்டுபோய் வண்டியின் மறுமுனையில் மாட்டினால்தான் திரும்பிப் போக முடியும். குட்ஸ் யார்டில் உப்பு வேகன் ஒரு பக்கம், பஞ்சு வேகன் ஒரு பக்கம் என்று பிரிக்கவேண்டும். ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு பாயிண்ட் மாறவேண்டும். மாற்றுகிறவர் பாயிண்ட்ஸ்மேன்.

பக்கத்து ஜங்ஷனான மணியாச்சியை எல்லோருக்கும் தெரியும். 1911 ஜூன் 17, திருநெல்வேலியிலிருந்து வந்த வண்டி, தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்காகக் காத்து நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டார். சுட்டவர் பேர், சுடப்பட்டவர் பேர், கூட இருந்த மனைவி பேர் எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. அன்றைக்கு அந்த ஜங்ஷனில் பாயிண்டை மாற்றி வண்டியை உள்ளே விட்டவரை யாரும் பேசுவதில்லை. பேச அவசியமும் இல்லைதான். ஆனால் இரண்டு லைன் வந்து சேரும் ஒரு ஜங்ஷன் அந்த ஆள் இல்லாமல் பத்து நிமிஷம் ஓடாது. தட்டப்பாறையில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளைத் தங்கவைத்த முகாம் இருந்தது. அந்தக் கூட்டமும் இதே லைனில், இதே மாதிரி ஆட்களின் கைகளைத் தாண்டித்தான் போனது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் போட் மெயில் தனுஷ்கோடிப் பக்கம் திரும்பிவிட்டது. தூத்துக்குடிக்கு குட்ஸும் யார்டு வேலையும் மிஞ்சியது.

இப்போ லீவர். யார்டு பாயிண்டுக்குத் தரையிலேயே ஒரு லீவர் இருக்கும், அதன் கையில் கனமான இரும்புக் குண்டு. லீவரை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தூக்கிச் சாய்த்தால் குண்டின் கனமே பாயிண்டை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பூட்டு கிடையாது. பக்கத்தில் ஒரு வட்டத்தகடு. நேர்வழி என்றால் தகட்டின் வெள்ளை முகம் தெரியும், கிளைவழி என்றால் தகடு திரும்பி விளிம்பு மட்டும் தெரியும். ராத்திரியில் இதையே விளக்கு சொல்லும், நேர்வழிக்கு வெள்ளை, கிளைவழிக்குப் பச்சை. கடற்காற்றில் இரும்பு எப்படித் துரு ஏறும் என்று தூத்துக்குடிக்காரங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. எண்ணெய் போடாத பாயிண்டை மாற்ற இடுப்பு ஒடியும்.

பயணி வண்டி வரும் மெயின் லைனில் இந்தக் குண்டு லீவர் போதாது. அங்கேதான் சாவி வருகிறது. 1890-களில் வடமேற்கு ரயில்வேயில் லிஸ்ட், மோர்ஸ் என்ற இரண்டு பேர் கொண்டுவந்த முறையின் வாரிசுகள்தான் நம்மூர் சின்ன ஸ்டேஷன்களில் ரொம்ப காலம் ஓடின. பாயிண்டில் ஒரு பூட்டு, அதற்கு இரண்டு சாவி. பாயிண்ட் மெயின் லைனுக்குச் சரியாக ஒட்டி உட்கார்ந்து பூட்டினால்தான் மெயின் லைன் சாவி வெளியே வரும். அப்போது லூப் லைன் சாவி உள்ளே சிக்கிக்கொள்ளும். பாயிண்ட்ஸ்மேன் அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் வரை நடக்கவேண்டும். அதைப் போட்டால்தான் மெயின் லைனுக்கான கைகாட்டி இறங்கும். கைகாட்டி சொல்வதும் பாயிண்ட் நிற்பதும் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும் என்பதை ஒரு சாவியும் ஒரு ஆளின் கால்நடையும் சேர்ந்து பார்த்துக்கொண்டன. என்ன ஒரு மூளை பாருங்க!

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிய ரொம்பப் பின்னால் போகவேண்டாம். 2023 ஜூன் 2, ஒடிசாவில் பாலசோர் பக்கம் பாஹாநகா பஜார். கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைன் சிக்னல் பச்சை, பாயிண்ட் நின்றது லூப் லைனுக்கு. லூப்பில் குட்ஸ் வண்டி. 290-க்கும் மேல் சாவு. எலக்ட்ரானிக் முறைதான், ஆனால் ரிப்பேர் வேலையில் வயரை மாற்றி இணைத்ததில் சிக்னல் பொய் சொல்லிவிட்டது. 2024 அக்டோபர் 11, நம்ம கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸும் மெயின் லைன் சிக்னலைப் பார்த்து வந்து லூப்புக்குள் நுழைந்து குட்ஸ் மேல் மோதியது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. பழைய முறையே உசத்தி என்று நான் கொடி பிடிக்கவில்லை, நாளைக்கு நூறு வண்டி ஓடும் லைனில் சாவியைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. ஆனால் பாயிண்டுக்கும் சிக்னலுக்கும் உள்ள இந்த உறவுதான் ரயிலின் உயிர்நாடி. பட்டன் மோட்டார் வைத்தால் என் பலகையில் அது கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.

ஆக, லீவர் தேர்வு என்பது அழகு பார்க்கிற விஷயம் இல்லை. எந்த இடத்தில் யார் நின்று மாற்றினார்களோ, அதைப் பார்த்து முடிவெடுக்கவேண்டும்.

அமெரிக்கக்காரங்க பலகை மேலேயே பொருத்தும் குட்டி லீவர் விற்கிறார்கள், கபூஸ் இண்டஸ்ட்ரீஸ் என்ற கம்பெனி பேர் பெற்றது. விலை மலிவு, பிடிக்க நன்றாக இருக்கும். ஆனால் 1:87 அளவில் பார்த்தால் அந்த லீவர் பக்கத்தில் நிற்கும் பொம்மை ஆளின் உயரம் வந்துவிடும். மறைவாக இருக்கும் தண்டவாளத்துக்கு ஓகே, என் யார்டுக்கு வேண்டாம். பீக்கோ பாயிண்டுகளில் உள்ளேயே ஒரு ஸ்பிரிங் உண்டு. விரலால் தள்ளினால் போதும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். குண்டு லீவர் செய்த வேலையை இந்த ஸ்பிரிங் செய்கிறது. அதனால் யார்டில் விரல், பக்கத்தில் கண்ணுக்கு ஒரு பொம்மைக் குண்டு லீவர். ஒரு மீட்டர் அகலம் 1:87-ல் பதினொன்றரை மில்லிமீட்டர், கடையில் கிடைப்பது 12, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. நாக்கு நகரும் தூரம்தான் உறுத்தும். நிஜத்தில் சுமார் 10 செ.மீ., மாடலில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் வரணும். கடைப் பாயிண்ட் அதைவிட நிறையவே நகரும், மாடல் சக்கரத்தின் விளிம்பு தடிமன் அப்படி. விட்டுவிடலாம்.

மெயின் லைன் பாயிண்ட் மூன்றுக்கும் பலகை முன்பக்கத்தில் ஸ்லைடு ஸ்விட்ச். ஸ்விட்சின் தலையில் ஓட்டை போட்டு ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி, கம்பியின் மறுமுனை பாயிண்ட் நாக்கில். ஒரே இழுப்பில் பாயிண்டும் மாறும், தண்டவாளம் வெட்டிக்கொள்ளும் கிராஸிங் துண்டுக்கு வேண்டிய மின்சாரமும் பக்கம் மாறும். இல்லையென்றால் இன்ஜின் அந்த இடத்தில் 'ஙே' என்று நின்றுவிடும் அல்லது ஷார்ட் ஆகும். கைகாட்டியை இயக்கும் வயரை மட்டும் ஒரு பழைய மொபெட்டின் சாவி ஸ்விட்ச் வழியாக விட்டிருக்கிறேன். அந்தச் சாவி ஸ்லைடு ஸ்விட்ச் பக்கத்துக் கொக்கியில் தொங்கும். கம்பியை மெயினுக்கு முழுசாகத் தள்ளினால்தான் கொக்கியை விட்டு வெளியே வரும்படி ஒரு தகடு. சாவியை எடுத்துக்கொண்டு பலகையின் அந்தக் கோடிக்கு எட்டடி நடக்கவேண்டும்.

விளையாட வந்த அண்ணன் பையனுக்கு முதலில் இது மகா எரிச்சல். "சித்தப்பா, சாவியை இங்கேயே வச்சிக்கிட்டா என்ன?" என்றான். நாலு வண்டி விட்டபிறகு அவனே தங்கச்சியைப் பாயிண்ட்ஸ்மேன் ஆக்கிவிட்டு ஸ்டேஷன் மாஸ்டர் வேலையை எடுத்துக்கொண்டான். பயல் பிழைத்துக்கொள்வான்.

பாக்கி இருப்பது யார்டின் பொம்மைக் குண்டுகள். தூண்டில் கடையில் கிடைக்கும் குட்டி ஈயக்குண்டுகளில் ஒரு பிடி வாங்கி வைத்திருக்கிறேன். கம்பியில் கோத்து கறுப்பு அடித்தால் அளவு சரியாக உட்காருகிறது. துரு நிறம் மட்டும் பழுப்பா, செம்மண்ணா என்று இன்னும் முடிவாகவில்லை. தூத்துக்குடி மக்கா யாராவது பழைய யார்டைக் கண்ணால் பார்த்திருந்தால் சொல்லுங்கள்.