மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிளும் மெசாவும்

1990இல் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியதோடு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனது. பெற்றோலும் பற்றரியும் தடைப் பொருட்களாகின. அந்தக் காலத்துக் கதைகளை எங்கட வீடுகளில் கேட்காதவர்கள் குறைவு. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். கொஞ்சம் பெற்றோல் காட்டி ஸ்டார்ட் பண்ணிவிட்டு, மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்த எஞ்சினைச் செய்த கம்பனி அப்படி நினைத்தே பார்த்திருக்காது. கழற்றிப் பார்க்கக்கூடிய எஞ்சின் என்பதால் எங்கட மெக்கானிக்குகளால் அதைச் செய்ய முடிந்தது.

கழற்றவே முடியாத எஞ்சினாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்? கணினி உலகம் அதே ஆண்டுகளில் இந்தச் சிக்கலுக்குள் வந்து சேர்ந்தது.

1992இல் சிலிக்கன் கிராஃபிக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பனி ஓபன்ஜிஎல்லை வெளியிட்டது. திரையில் முப்பரிமாணப் படம் வரையச் சொல்லி மென்பொருள்கள் கேட்பதற்கான பொதுமொழி அது. ஆனால் அந்த மொழி புரிகிற கணினிகள் சாதாரண ஆட்களால் வாங்க முடியாத விலை. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வேலை செய்த பிரையன் பால், 1993 ஆகஸ்டில் ஓய்வு நேரத்தில் அதே மொழி புரியும் நிரல் ஒன்றைத் தானாகவே எழுதத் தொடங்கினார். சிறப்பு கார்ட் எதுவும் தேவையில்லை. கணினியின் சாதாரண மூளையே ஒவ்வொரு புள்ளியையும் கணக்கிட்டு வரையும். மெதுவாகத்தான் ஓடும், ஆனால் ஓடும். 1994 நவம்பரில் சிலிக்கன் கிராஃபிக்ஸிடமே அனுமதி கேட்டார், கிடைத்தது. 1995 பெப்ரவரியில் ‘மெசா’ என்ற பெயரில் மூலநிரலோடு வெளியிட்டார்.

மெசா சி மொழியில் எழுதப்பட்டது. படத்தைக் கணக்கிடும் பகுதி வேறு, திரையைத் தொடும் பகுதி வேறு என்று பிரிந்திருந்தது. புதிய இயங்குதளத்துக்குக் கொண்டுபோக இரண்டாவது பகுதியை மட்டும் மாற்றினால் போதும். இதனால்தான் லினக்ஸ், விண்டோஸ், டாஸ், பீஓஎஸ் என்று அது ஊர் ஊராகப் போனது. 2008 அளவில் வந்த கேலியம்3டி என்ற அமைப்பு இந்தப் பிரிப்பை இன்னும் தெளிவாக்கியது.

பிறகு கிராஃபிக்ஸ் கார்டுகள் மலிந்தன. கார்டை இயக்க டிரைவர் வேண்டும். வாகனச் சாரதியை அல்ல, கார்டுக்குக் கட்டளை சொல்லும் மென்பொருளைத்தான் சொல்கிறோம். அதை எழுத கார்டின் உள்விவரம் தெரிய வேண்டும். பல கம்பனிகள் அதைப் பூட்டி வைத்தன. 2007இல் ஏஎம்டி தன் ஆவணங்களைத் திறந்துவிடத் தொடங்கியது. என்விடியா திறக்கவில்லை. 2005இல் தொடங்கிய நூவோ குழு, கம்பனியின் டிரைவர் கார்டுக்கு என்ன எழுதுகிறது என்று கவனித்துக் கவனித்து, அதைக்கொண்டே தங்கட டிரைவரை எழுதினார்கள். 2010இல் அது லினக்ஸ் கருவில் சேர்ந்தது. ஆனால் 2014க்குப் பிறகு வந்த கார்டுகளில் கம்பனி கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் இல்லாமல் வேகத்தைக் கூட்ட முடியவில்லை. கழற்றத் தெரிந்தவனுக்கும் ஆணி இறுகிய இடம் அது.

ஆப்பிளின் எம்1 கணினிகளில் நடந்தது இதைவிடச் சுவாரசியம். ஆப்பிள் ஒரு விவரமும் கொடுக்கவில்லை. இருந்தும் அசாகி லினக்ஸ் குழுவின் டிரைவர் 2024இல் ஓபன்ஜிஎல் 4.6க்கான அதிகாரபூர்வச் சோதனையில் தேறியது. ஆப்பிளின் சொந்த இயங்குதளம் 4.1இலேயே நின்றுவிட்டிருந்தது.

இதெல்லாம் எங்களுக்கு ஏன்? 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 300ஐத் தாண்டியபோது, புதுக் கணினி என்பது பல மாணவர்களுக்குக் கனவாகிப் போனது. கையிலிருக்கும் பழைய கணினியை எத்தனை வருடம் ஓட்டலாம் என்பதே கேள்வி. கம்பனி ‘இனி இந்த மாடலுக்கு டிரைவர் இல்லை’ என்று சொன்னால், பூட்டிய மென்பொருளில் கதை அதோடு சரி. மெசாவும் 2021 இறுதியில் மிகப் பழைய சில டிரைவர்களைத் தன் பிரதான நிரலிலிருந்து எடுத்தது. ஆனால் எறிந்துவிடவில்லை, ‘ஆம்பர்’ என்ற தனிக் கிளையில் வைத்தது. விரும்பியவர் எடுக்கலாம், திருத்தலாம், தன் கணினியிலேயே கட்டிப் பார்க்கலாம்.

உங்கட கணினியில் லினக்ஸ் இருந்தால் அமைப்பு விவரப் பக்கத்தைத் திறந்து, கிராஃபிக்ஸ் வரியைப் பாருங்கள். சில கணினிகளில் மெசா என்ற பெயர் அங்கே இருக்கும். அதன் மூலநிரலை இறக்கி ஒருமுறை கட்டிப் பாருங்கள். முதல் தடவை பிழைச் செய்திகள் வரிசையாக வரும், பயப்படத் தேவையில்லை. எந்த நூலகம் இல்லை, எது பழசு என்று அவையே சொல்லித்தரும். நாங்களும் அப்படிப் படிப்பவர்களைத்தான் தேடுகிறோம். நீங்கள் கண்டுபிடித்ததைத் தமிழில் எழுதி வையுங்கள், பின்னால் வருகிற பொடியன் பெட்டைகளுக்கு உதவும்.