மரைவேட்டையும் கட்டற்ற நாய்களும்: மலையக வரலாற்றில் ஒரு நோக்கு

கபிலரின் குறிஞ்சிப்பாட்டிலே தினைப்புனங் காக்கும் மகளிர் முன்னர்த் தலைவனுக்கும் முன்பாக வந்து நிற்பவை அவனுடைய வேட்டை நாய்களே. அவற்றைக் கண்டு மகளிர் அஞ்சி நடுங்க, தலைவன் அணுகி, தன்னிடமிருந்து தப்பிய விலங்குகள் இவ்வழி வந்தனவோ என வினவுகின்றான். இதனைக் கெடுதி வினாதல் என இலக்கண மரபு வழங்கும். பிறர் புனத்துள் நாயோடு நுழைந்த ஒருவன் இன்சொற் கூறி வினவுதல் குறிஞ்சி நிலத்து ஒழுகலாறாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் மத்திய மலைநாட்டிலும் ஒரு குறிஞ்சி நிலம் உருவாயிற்று. ஆயின் அங்கு நாயோடு புகுந்தவன் எவரையும் வினவ வேண்டிய நிலையில் இருக்கவில்லை. வினவப்பட்டவை பிறருடைய நாய்களே.

வேட்டைக்கென வளர்க்கப்பட்ட நாயும் கட்டின்றித் திரியும் நாயும் மானைக் கண்டவிடத்துச் செய்வது ஒன்றுதான். இரண்டும் துரத்தும், இயலுமாயிற் கொல்லும். அவ்வாறிருக்க ஒன்றின் செயல் வீரவிளையாட்டாகவும் மற்றையதன் செயல் குற்றமாகவும் கருதப்பட்டமை எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை நாயின் இயல்பில் இல்லை. நிலத்தின் உரிமையிலேயே உள்ளது.

இவ்வேறுபாடு இங்கிலாந்தில் நெடுங்காலத்துக்கு முன்னரே வேரூன்றியது. நோர்மானிய மன்னர்கள் பெருங்காடுகளைத் தம் மான்வேட்டைக்கென ஒதுக்கியபோது, அக்காடுகளின் அயலில் வாழ்ந்த குடியானவர்களின் பெருநாய்கள் மானைத் துரத்தாவண்ணம் அவற்றின் முன்பாத நகங்களை வெட்டும் வழக்கம் நிலவியது. 1217ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட வனப் பட்டயம் இக்கொடுமையை ஒழித்துவிடவில்லை, ஒழுங்குபடுத்தியது. முன்காலின் மூன்று நகங்களையே வெட்டலாம், பாதத்தின் அடித்தசையை வெட்டலாகாது, வெட்டப்படாத நாயின் சொந்தக்காரன் மூன்று சிலிங் தண்டம் இறுக்க வேண்டும் என்பன அதன் விதிகள். பின்னர் 1671ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் நாயை விட்டு நாயின் சொந்தக்காரனை அளந்தது. ஆண்டொன்றுக்கு நூறு பவுண் வருமானம் தரும் சொந்த நிலம் இல்லாதோர் துப்பாக்கியோ வேட்டை நாயோ வைத்திருத்தல் தடைசெய்யப்பட்டது. பிரபுக்களின் காவலர் ஏழையின் வீட்டினுட் புகுந்து நாயைக் கைப்பற்றவும் அதிகாரம் பெற்றனர். 1831ஆம் ஆண்டிலேயே இத்தகுதி விதி நீக்கப்பட்டது. மலைநாட்டுக்கு வந்த முதலாவது ஆங்கிலத் தலைமுறையினர் இத்தகைய சட்டங்களின் நிழலில் வளர்ந்தவர்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது.

தாயகத்தில் நிலமுடையார்க்கே உரித்தாயிருந்த வேட்டை, குடியேற்ற நாட்டில் வெள்ளையர் எவர்க்கும் வாய்த்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காடுகளும் தரிசும் பயிரிடப்படாத நிலங்களும் மாறாக நிறுவப்படுமட்டும் முடிக்குரியனவெனக் கொண்டது. ஏக்கர் ஒன்று ஐந்து சிலிங் என்ற விலைக்கு மலைக்காடுகள் கோப்பிச் செய்கைக்கு விற்கப்பட்டன; 1844இல் அவ்விலை இருபது சிலிங்காக உயர்ந்தது. சிங்களக் கிராமத்தவன் தன் நாயோடு தலைமுறை தலைமுறையாகச் சென்று வந்த காடு, ஒரு கையெழுத்தில் மற்றொருவனின் தனியார் காணியாயிற்று. கண்டி மன்னர் காலத்திலும் தடைசெய்யப்பட்ட காடுகள் இருந்தன என்பது உண்மையே. எனினும் அத்தடை அரசனுடையது, விலைக்கு வாங்கப்பட்டதன்று.

இக்காலத்து வேட்டையின் வரலாற்றை எழுதுவோர் சாமுவேல் பேக்கரைத் தவிர்த்து எழுதவியலாது. 1846இல் யானை வேட்டைக்கென இலங்கை வந்த இவர், காய்ச்சலாற் பீடிக்கப்பட்டு நுவரெலியாவின் குளிர்க்காற்றில் உடல் தேறினார். 1848இல் குடியேற்றவாசிகளையும் கால்நடைகளையும் நாய்க் கூட்டத்தையும் இங்கிலாந்திலிருந்து கொணர்ந்து அங்கு ஒரு பண்ணையை நிறுவினார். 1855இல் நாடு திரும்புவதற்கு முன்னரே, இலங்கையில் துப்பாக்கியும் வேட்டை நாயும் பற்றிய அவரது நூல் 1854இல் வெளிவந்துவிட்டது. அந்நூலில் எல்க் எனக் குறிக்கப்படும் விலங்கு உண்மையில் எல்க் அன்று. ஈழத்துத் தமிழர் மரை எனவும் தமிழகத்தார் கடமான் அல்லது மிளா எனவும் வழங்கும் மானினமே அது. குளிர்நாட்டுப் பெயரொன்றைக் கொண்டுவந்து இங்குள்ள விலங்குக்குச் சூட்டிய அத்தவறு, நுவரெலியாவுக்கு அண்மையிலுள்ள எல்க் பிளேன்ஸ் என்னும் இடப்பெயரில் இன்றும் நிலைத்துள்ளது. (மஸ்கெலியாப் பகுதியின் மோரே தோட்டத்துப் பெயரைக் கேட்போர் மரையை நினைத்தல் கூடும். அது ஸ்கொட்லாந்தின் ஒரு நிலப்பகுதியின் பெயராதலின் அந்நினைவு பொருந்தாது.)

மரைவேட்டையின் முறையை நோக்கினாலன்றிக் கட்டற்ற நாய் அதற்கு எவ்வாறு இடையூறாயிற்று என்பது விளங்காது. மரை பகலில் அடர்ந்த சோலைக் காட்டினுட் படுத்திருந்து, இரவில் பத்தனைப் புல்வெளிகளுக்கு வந்து மேயும். விடியற்காலையில் புல்வெளி ஓரத்திலே நாய்களை அவிழ்த்துவிட்டால், இரவில் மேய்ந்து திரும்பிய விலங்கின் மோப்பத்தைப் பற்றிக்கொண்டு அவை காட்டினுட் புகும். அதன்பின் வேட்டைக்காரன் கண்ணாற் காண்பது யாதுமில்லை. குரைப்பொலி ஒன்றே அவனுக்கு வழிகாட்டி. ஒலி எந்த மலைமுகட்டைக் கடக்கின்றது, எந்தப் பள்ளத்தில் மங்குகின்றது, எவ்விடத்தில் ஒரே நிலையில் நின்று ஒலிக்கின்றது என்பவற்றைச் செவியால் அறிந்து அவன் ஓட வேண்டும். களைத்த மரை பெரும்பாலும் ஓடையிலோ நீர்த்தடாகத்திலோ இறங்கி, நாய்களை எதிர்த்து நிற்கும். பேக்கர் அந்நிலையில் துப்பாக்கியை நாடாது கத்தியையே பயன்படுத்தினார். மோப்பம் பிடிப்பனவும், விரைந்தோடிப் பற்றுவனவும் எனப் பல வகை நாய்களும் கலப்பினங்களும் அவர் கூட்டத்தில் இருந்தன.

இவ்வாறு ஒலியை நம்பி நடைபெறும் வேட்டையிலே அயல் நாயொன்று புகுந்தால் யாவும் குழம்பும். அது வேறொரு மரையையோ கேளையாட்டையோ எழுப்பிவிடும். புதிய மோப்பம் பழைய மோப்பத்தைக் குறுக்கே வெட்டும். பயிற்றப்பட்ட நாய்களுட் சில புதியதன் பின்னே செல்ல, கூட்டம் இரண்டுபடும். இரண்டு பள்ளங்களிலிருந்து இரண்டு குரைப்பொலிகள் எழும்போது வேட்டைக்காரன் செய்வதறியாது நிற்பான். துப்பாக்கியோடு பதுங்கிக் காத்திருப்பவனுக்கு இழப்பு இன்னும் பெரிது. ஒரு நாயின் ஓட்டத்தினால் கலைந்த மான்கள் அன்று அவ்விடத்துக்குத் திரும்புவதில்லை. எனவே கட்டற்ற நாயின்மீது வேட்டைக்காரன் கொண்ட சினத்துக்குக் காரணம் இல்லாமலில்லை.

ஆயினும் பேக்கரின் நூலே இதற்கு மறுபுறத்தையும் காட்டுகின்றது. அவருடைய நாய்களும் காட்டில் வழிதவறின. சில நாட்கள் கழித்து மீண்டவை உண்டு; சிறுத்தைக்கு இரையானவையும் உண்டு. எசமானன் குரலுக்கு அப்பாற்பட்டுத் தனித்துக் காட்டில் அலையும் வேட்டை நாய்க்கும் ஊர் நாய்க்கும் அவ்வேளையில் என்ன வேறுபாடு? மரைக்கு அவ்வேறுபாடு தெரிந்திருக்க நியாயமில்லை. பேக்கர் தம் நாய்களைச் சுமட், பிரான், கில்பக் எனத் தனித்தனிப் பெயரிட்டு, அவற்றின் குணங்களையும் வீரத்தையும் மரணத்தையும் உருக்கத்தோடு பதிவு செய்துள்ளார். அவரோடு காட்டில் நடந்த உள்ளூர் மனிதருட் பெரும்பாலோர்க்கு அந்நூலில் அத்தகைய இடம் கிடைக்கவில்லை.

1869இல் தோன்றிய கோப்பி இலை நோய், மலையகத்தின் பயிரை மாற்றியது போலவே வேட்டைக் களத்தின் எல்லையையும் மாற்றியது எனலாம். தேயிலை பரவிய காலத்தில் மலைச்சரிவுகளின் காடு மேலும் மேலும் அழிந்தது. கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளரான ஜோசப் ஹூக்கர் 1873இல் அளித்த ஆலோசனையை அடியொற்றி, ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளை விற்காது பேணும் கொள்கை உருவாயிற்று. கீழே தேயிலையும் லயமும், மேலே காடும் மரையும் என்ற அமைப்பு இதனால் நிலைபெற்றது. மானின் புகலிடமும் மனிதக் குடியிருப்பும் ஒரு நீண்ட கோட்டில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. அக்கோட்டை நாள்தோறும் கடந்தது நாய்.

தோட்டத் துரையின் பங்களாவிலும் நாய்கள் இருந்தன, லயங்களிலும் இருந்தன. தமிழகத்து வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரின் கீழ் வந்த தொழிலாளர்க்கு நிலம் இல்லை; துப்பாக்கி இல்லை; தாம் வாழும் அறைகூடத் தமதன்று. லயத்தின் பின்புறத்திலே பயிரிட்ட சிறு மரக்கறித் துண்டைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்கவும், இரவில் சிறுத்தையின் வரவை அறிவிக்கவும் நாயொன்றே துணை. உணவுக்காக அது காட்டோரம் அலைந்தது. தோட்டம் முழுவதும் தனியார் காணி. அதில் வாழும் தொழிலாளியே பிறர் காணியில் தங்கியிருப்பவன். ஆகவே லயத்து நாய் அடியெடுத்து வைத்த இடமெல்லாம் அத்துமீறலாயிற்று.

சட்டம் இவ்வேறுபாட்டைப் பலவழிகளில் உறுதிசெய்தது. 1893இல் விசர்நாய்க்கடி நோய்க்கான கட்டளைச் சட்டமும், 1901இல் நாய்களைப் பதிவு செய்யுங் கட்டளைச் சட்டமும் இயற்றப்பட்டன. நீர்வெறுப்பு நோய் உண்மையான பேராபத்து. அதனைத் தடுக்க முயன்றதைக் குறைகூறுதல் பொருந்தாது. எனினும் கட்டணஞ் செலுத்திப் பதியப்பட்ட நாய், பதியப்படாத நாய் என்ற பிரிவு இச்சட்டங்களோடு பிறந்தது. வறியவனின் நாய் ஒருவனுக்கு உரியதாக இருந்தும் உரிமையாளனற்றதாகக் கணிக்கப்படும் நிலை அதனால் எளிதாயிற்று. 1671ஆம் ஆண்டுச் சட்டம் நூறு பவுண் வருமானத்தைக் கொண்டு செய்த பிரிவினையை இது சிறு கட்டணத்தைக் கொண்டு செய்தது என்று கூறினும் மிகையன்று.

இதே காலத்தில் வேட்டை விலங்குகளைக் காக்கும் முயற்சியும் வளர்ந்தது. 1872இலும் 1891இலும் சட்டங்கள் ஆக்கப்பட்டன. 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. இச்சங்கத்தை நிறுவியோர் வேட்டைக்காரரே. தாம் சுடுவதற்கு விலங்கு எஞ்சியிருத்தல் வேண்டும் என்பது அவர்தம் முதல் நோக்கமாயிருந்தது. தோலுக்கும் கொம்புக்குமாக நடைபெற்ற வணிகக் கொலையை அவர்கள் எதிர்த்தமை பாராட்டற்குரியதே. எனினும் காடழிவுக்குப் பெருங்காரணமான தோட்ட விரிவைக் காட்டிலும், கிராமத்தானின் நாயும் பொறியும் அவர்கள் கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றின. இச்சங்கத்தோடு தொடர்புற்ற தோட்டத் துரையான தோமஸ் ஃபாரின் பெயர் ஹோட்டன் சமவெளியின் ஃபார் விடுதியில் நிலைத்துள்ளது. காலப்போக்கில் இச்சங்கமே வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கமாக மாறி, வேட்டையை ஒதுக்கிக் காப்பை முதன்மையாகக் கொண்டது. வரலாற்றில் இத்தகைய மனமாற்றங்கள் அரிதே.

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் புதிய கட்டத்தைத் தொடங்கியது. 1940இல் சிவனொளிபாதமலையைச் சூழ்ந்த காடு புகலிடமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஹோட்டன் சமவெளி 1969இல் இயற்கை ஒதுக்கமாகி, 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. 2010இல் இவ்விரு பகுதிகளும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. மரையைக் கொல்வது இன்று எவர்க்கும் குற்றமே. வேட்டைக்கு இடையூறாயிருந்த கட்டற்ற நாய், இப்போது பாதுகாப்புக்கு இடையூறாகக் கருதப்படுகின்றது. முன்னைய முறைப்பாட்டில் நலன் வேட்டைக்காரனுடையது. இப்போதைய முறைப்பாட்டில் மரைக்கன்றின் உயிரும் நாய்வழிப் பரவும் நோயும் உள்ளன. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தல் தவறு. ஆயினும் பழியைச் சுமக்கும் லயம் மட்டும் மாறவில்லை.

அட்டன் வழியாகச் சிவனொளிபாதமலைக்குச் செல்வோர் அடிவாரத்தில் அடையும் நல்லதண்ணி, மேற்கூறிய எல்லைக் கோட்டின்மேல் அமைந்த ஊராகும். தேயிலை இங்கு முடிவுற, புகலிடக் காடு தொடங்குகின்றது. மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரை யாத்திரிகர் கூட்டம் நிறைந்திருக்கும். படிக்கட்டு வழியே நாய்களும் அவரோடு ஏறும். பருவம் முடிந்து கடைகள் மூடப்பட்டபின் எறிசோறு இல்லாத நாய் காட்டோரத்தை நாடுதல் இயல்பு. அங்கே அது துரத்துவதுமுண்டு, சிறுத்தையால் துரத்தப்படுவதுமுண்டு. மலையகத் தோட்டங்களில் சிறுத்தை லயத்தை அணுகுவதற்கு அங்குள்ள நாய்களும் ஒரு காரணமாகும்.

நிலத்தின் உரிமை இதனிடையே கைமாறிற்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 1948இல் குடியுரிமை மறுக்கப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் பின்னர் அதனைப் பெற்றனர். காணி உரிமையைப் பெரும்பாலோர் பெறவில்லை. 2006இல் தெருநாய்களைக் கொல்லும் வழக்கத்தை அரசு கைவிட்டு, தடுப்பூசியையும் கருத்தடையையும் கைக்கொண்டது. நகரங்களுக்கு அப்பால், மலைத் தோட்டங்களின் கடைக்கோடி லயம்வரை அப்பணியைக் கொண்டுசெல்லுதல் எளிதன்று.

வேட்டை முறையும் மாறிற்று. பேக்கரின் குரைப்பொலி வேட்டைக்குப் பதிலாக, ஓசையற்ற கம்பிச் சுருக்கு தோட்ட எல்லைகளில் இடம்பிடித்தது. பன்றிக்கோ மரைக்கோ வைக்கப்படும் சுருக்கு, அதில் விழுவது எதுவென்று ஆராய்வதில்லை. 2020ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள், நல்லதண்ணி லக்ஷபான தோட்டத்தில் அரிய கருஞ்சிறுத்தையொன்று இத்தகைய சுருக்கில் அகப்பட்ட நிலையில் மீட்கப்பட்டது. உடவளவைக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சிகிச்சை அளிக்கப்பட்டும், மே 29ஆம் நாள் அது இறந்தது.