நஷ்டஈடும் உதவித்தொகையும்: ஒரு 104 டாலர் வழக்கு

1968 அக்டோபரிலிருந்து, அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு தொழிலாளிக்குக் குடும்பத்துக்கும் சேர்த்து மாதம் 329.70 டாலர் சோஷியல் செக்யூரிட்டி உதவித்தொகை கிடைத்தது. உடல் முடங்கி வேலை செய்ய முடியாதவர்களுக்கு மத்திய அரசு தரும் பணம் அது. 1969 ஜனவரியில் அதை 225.30 ஆகக் குறைத்துவிட்டார்கள். காரணம், மாநிலத்தின் தொழிலாளர் நஷ்டஈடாக மாதம் 203.60 டாலரும் அவருக்கு வந்துகொண்டிருந்தது. 104.40 டாலர் போச்சு! மனிதர் சும்மா இருக்கவில்லை, கோர்ட்டுக்குப் போனார்.

இரண்டு பணமும் ஒன்றுதானா? சோஷியல் செக்யூரிட்டி, சம்பளத்தில் பிடித்த வரியிலிருந்து வருவது. நஷ்டஈட்டின் கதை வேறு. 1911-ல் விஸ்கான்சினிலும் பிறகு மற்ற மாநிலங்களிலும் அந்தச் சட்டம் வந்தபோது நடந்தது ஒரு பேரம். தப்பு யார் மேல் என்று பார்க்காமல் முதலாளி தரப்பு பணம் தரும். பதிலுக்கு, முதலாளி மேல் வழக்குப் போடும் உரிமையைத் தொழிலாளி விட்டுவிட வேண்டும். ஆக, அது தர்மக் காசு இல்லை.

இரண்டையும் சேர்த்து வாங்கலாமா என்பதில் அமெரிக்க நாடாளுமன்றமே தடுமாறியது. 1956-ல் உதவித்தொகைச் சட்டம் வந்தபோது நஷ்டஈட்டை முழுசாகக் கழித்தார்கள். 1958-ல் அந்த விதியையே தூக்கிவிட்டார்கள். 1965-ல் வேறு உருவத்தில் திரும்ப வந்தது: இரண்டும் சேர்ந்து பழைய சராசரி வருமானத்தில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 35 மாநிலங்களில், அடிபட்ட தொழிலாளி முன்பு கைக்கு வந்த சம்பளத்தைவிட அதிகம் வாங்கும் நிலை இருக்கிறது, அப்புறம் வேலைக்குத் திரும்ப யாருக்கு மனசு வரும் என்பது வாதம்.

கீழ்க் கோர்ட்டில் தொழிலாளி ஜெயித்தார். 1971 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் 4-3 கணக்கில் தோற்றார். ரிச்சர்ட்சன் எதிர் பெல்ச்சர் என்ற அந்த வழக்கில் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட். எதிர்த்தவர்கள் சுட்டிக்காட்டியது இதுதான்: தனியார் இன்சூரன்ஸ் வாங்குபவருக்கும், வழக்குப் போட்டு நஷ்டஈடு ஜெயித்தவருக்கும் எதையும் கழிப்பதில்லையே? வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுத்தவருக்கு மட்டும் ஏன்? அதற்குச் சரியான பதில் தீர்ப்பில் இருப்பதாகத் தெரியவில்லை.

80 சதவீத விதி இன்றும் இருக்கிறது. இன்னொரு வேடிக்கை, சில மாநிலங்கள் இதையே தலைகீழாகச் செய்தன. மத்திய உதவித்தொகையைத் தொடாமல் நஷ்டஈட்டைக் குறைத்தன. மிச்சமான பணம் முதலாளிக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் போயிற்று. புதிதாக எந்த மாநிலமும் இப்படிச் செய்ய முடியாதபடி 1981-ல் மத்திய அரசு கதவைச் சாத்தியது. ஏற்கெனவே செய்துகொண்டிருந்த மாநிலங்களை விட்டுவிட்டது.