தோட்டத் தொழிலாளரும் நஷ்ட ஈட்டுச் சட்டமும்

உழைப்பவன் கை ஒடிந்தால் அந்த இழப்பை ஏற்க வேண்டியவர் யார்? உழைத்தவனா, உழைப்பித்தவனா? எளிதாகத் தோன்றும் இக்கேள்விக்கு நேரிய விடை காண உலகம் நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த நம் முன்னோர்க்கு அவ்விடை வந்து சேர இன்னும் நெடுங்காலம் ஆயிற்று. அவ்வரலாற்றைத் தமிழாசிரியராகிய நாம் அறிந்திருத்தல் நலம். ஏனெனில், இது சட்டத்தின் கதையாக இருப்பதோடு எழுத்தறிவின் கதையாகவும் இருக்கிறது.

கசாப்புக் கடைப் பையனின் வழக்கு

இங்கிலாந்தில் கசாப்புக் கடைக்காரர் ஒருவரிடம் வேலை பார்த்த பிரீஸ்ட்லி என்னும் பையன், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டி முறிந்து விழுந்ததில் தொடை எலும்பு ஒடிந்தான். முதலாளியாகிய பௌலர் மீது வழக்குத் தொடுத்தான். நடுவர் குழு 100 பவுன் கொடுக்கச் சொன்னது. ஆனால் 1837ஆம் ஆண்டில் மேல் விசாரணை செய்த அபிங்கர் பிரபு அதனைத் தள்ளிவிட்டார். வேலையின் ஆபத்தை அறிந்தே வேலைக்காரன் வேலைக்கு வருகிறான். வேண்டாமென்றால் மறுத்துவிடலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

அக்காலத்து நீதிமன்றக் கொள்கைகள் தொழிலாளியை மூன்று புறமும் மறித்து நின்றன. உடன் வேலை செய்தவனின் பிழையால் அடிபட்டால் முதலாளி பொறுப்பல்லர். அடிபட்டவனிடம் சிறிது கவனக்குறைவு இருந்தாலும் அவர் பொறுப்பல்லர். ஆபத்தை அறிந்தே வேலை செய்தான் என்றாலும் அவர் பொறுப்பல்லர். பிறகு யார்தான் பொறுப்பு? பசியோடு இருக்கும் மனைவி மக்களே பொறுப்பு!

இந்த அநீதியை முதலில் உடைத்தது ஜெர்மனி. அந்நாட்டு முதலமைச்சர் பிஸ்மார்க் 1884இல் விபத்துக் காப்புறுதிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். யார் பிழை என்று கேளாமல், முதலாளிகளே சேர்ந்து நிதி கட்டி, அடிபட்டவனுக்கு உதவித்தொகை தரும் முறை அது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1897இல், பிரிட்டனும் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தை இயற்றியது.

இரண்டு உம்மைகள்

பிரிட்டிஷ் சட்டத்தின் உயிர்நாடி ஒரே ஒரு தொடரில் இருக்கிறது. காயமானது வேலையின் காரணமாகவும், வேலை நடக்கும்போதும் ஏற்பட்டிருக்க வேண்டும் என்பதே அத்தொடர். இலக்கணம் கற்பிக்கும் நமக்கு இங்குள்ள இரண்டு உம்மைகளும் எண்ணும்மை என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டில் ஒன்று குறைந்தாலும் நஷ்ட ஈடு இல்லை. பின்னர் பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட பல நாடுகளின் சட்டங்களிலும் இத்தொடர் குடியேறியது. இந்தியாவில் 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது உண்டு.

காயத்திற்கு வழி பிறந்தது. நோய்க்கு? கை நசுங்கினால் நாளும் நேரமும் சொல்லலாம். நோய் எந்த நாளில் உடம்பில் புகுந்தது என்று யாரால் சொல்ல இயலும்? 1906இல் திருத்தி அமைக்கப்பட்ட பிரிட்டிஷ் சட்டம் இதற்கும் ஒரு வழி கண்டது. ஆறு நோய்களைப் பட்டியலிட்டது. பட்டியலில் காட்டிய தொழிலைச் செய்தவனுக்கு அந்நோய் வந்தால், மாறாக மெய்ப்பிக்கப்படும் வரையில், தொழிலால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்றது. மெய்ப்பிக்கும் பாரம் நோயாளியின் தோளிலிருந்து முதலாளியின் தோளுக்கு மாறிற்று.

அந்த ஆறு நோய்களுள் ஒன்று கொக்கிப்புழு நோய் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். கார்ன்வால் பகுதிச் சுரங்கங்களில் உழைத்தவர்கள் சோகை பிடித்து வாடிய காரணத்தை ஹால்டேன் என்னும் அறிஞர் 1902இல் ஆராய்ந்து, கொக்கிப்புழுவே குற்றவாளி என்று கண்டார். நான்கே ஆண்டுகளில் அது சட்டத்தின் பட்டியலில் ஏறியது. அதே காலத்தில் மலாயாத் தோட்டங்களில் வெறுங்காலோடு நடந்த தமிழர்களின் ரத்தத்தையும் அதே புழுதான் குடித்துக்கொண்டிருந்தது.

மலாயாவில்

1910இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது. கங்காணி முறை தொடர்ந்தது. காடழித்த இடங்களில் மலேரியாக் காய்ச்சல் நம்மவர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுபோயிற்று. 1901இல் கிள்ளானில் சதுப்பு நிலங்களை வடித்துக் காய்ச்சலை அடக்கிக் காட்டினார் டாக்டர் மால்கம் வாட்சன். மருத்துவம் வழிகாட்டியது, ஆயினும் காய்ச்சலில் மாண்ட கூலியின் குடும்பத்திற்கு நஷ்ட ஈடு என்னும் பேச்சே எழவில்லை.

1921இல் அனைத்துலகத் தொழிலாளர் மாநாடு, விவசாயக் கூலிகளுக்கும் நஷ்ட ஈட்டுச் சட்டங்கள் பொருந்த வேண்டும் என்று உடன்படிக்கை செய்தது. 1925இல் மற்றோர் உடன்படிக்கை, விபத்து நஷ்ட ஈட்டில் உள்நாட்டான், வெளிநாட்டான் என்ற வேறுபாடு கூடாது என்றது. ஐக்கிய மலாய் மாநிலங்களில் 1929இல் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் பிறந்தது. போருக்குப் பின் 1952இல் மலாயாக் கூட்டரசு முழுமைக்குமான சட்டம் வந்தது. 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் அமைந்த பிறகு, தொழிலாளிக்காக வாதாட ஓர் அமைப்பும் வலுவோடு நின்றது.

1952ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது ஒரே தடவையில் முடியும் மொத்தத் தொகை. சம்பாதித்தவன் மாண்டால் அத்தொகையை முதலாளி தொழிலாளர் ஆணையரிடம் கட்ட வேண்டும். அவரே குடும்பத்தாருக்குப் பங்கிடுவார். விதவையை ஏமாற்றி ரேகை வாங்கிக்கொள்ளும் கொடுமையைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. ஆனால் தொகை செலவானபின் என் செய்வது? 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு விடையளித்தது. 1971இல் தொடங்கிய சொக்சோ, நிரந்தர ஊனமுற்றவருக்கும் மாண்டவரின் குடும்பத்திற்கும் மாதந்தோறும் உதவித்தொகை வழங்கும் முறையைக் கொணர்ந்தது. கணவனை இழந்தவளுக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு பங்கு என்பது கணக்கு.

ஏட்டில் ஏறாத நோய்

இத்தனை சட்டங்கள் இருந்தும் பயன் பெறாதோர் பலர். எனக்கு மிக நெருங்கிய சான்று ஒன்றுண்டு. என் தாயார் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை செய்தவர். முதுகில் தோம்பைச் சுமந்து புல்லுக்கு மருந்தடிப்பார். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருநாள், அவர் சோறு பிசைய முடியாமல் கரண்டியால் உண்பதைக் கண்டேன். விரல் நகங்கள் வெளுத்து, இரண்டு கழன்றும் போயிருந்தன.

"அம்மா, இதைச் சொக்சோவுக்கு எழுதிக் கொடுக்கலாமே" என்றேன்.

"போடா தம்பி! நகம் போனதுக்கெல்லாம் யாரு காசு கொடுப்பா? டிரெசர் ஐயா ஊதா மருந்து போட்டுட்டாரு" என்றார்.

மறுநாள் டிரெசரிடம் சென்று கேட்டேன். ஏட்டில் 'கைப்புண்' என்று ஒரே சொல் இருந்தது. என்ன மருந்து, எத்தனை ஆண்டு வேலை, யார் கண்டது, ஒன்றும் இல்லை. சட்டம் படித்திராவிட்டாலும் எழுதத் தெரிந்த நானும் அன்று பேசாமல் திரும்பினேன். என் தாயார் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அம்மருந்துதான் அவர் உடலைக் கெடுத்தது என்று நான் கூறமாட்டேன்; கூறுவதற்குச் சான்று இல்லை. சான்று இல்லை என்பதே என் துயரம்.

மருந்தடிக்கும் பெண்களின் நிலையைத் தெனாகனித்தா அமைப்பு 2002இல் ஆய்ந்து வெளியிட்டது. பாராகுவாட் என்னும் களைக்கொல்லிக்கு அதே ஆண்டில் தடை அறிவிக்கப்பட்டு, 2006இல் தளர்த்தப்பட்டு, 2020 ஜனவரி முதல் நாளிலிருந்துதான் முழுத் தடை நடப்புக்கு வந்தது.

இன்று தோட்டங்களில் உழைப்போரில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். 1993இல் வெளிநாட்டுத் தொழிலாளர் சொக்சோவிலிருந்து பிரிக்கப்பட்டு, பழைய மொத்தத் தொகைச் சட்டத்திற்கே அனுப்பப்பட்டனர். 2019 ஜனவரியில்தான் மீண்டும் சேர்க்கப்பட்டனர். நம் பாட்டன்மாரும் இந்நாட்டுக்கு அயலாராகவே வந்தவர்கள் என்பதை நாம் மறத்தல் தகாது.

ஆசிரியர் செய்யக்கூடியது

தோட்டப் பள்ளி ஆசிரியர் ஒரு காலத்தில் தோட்டத்திற்கே எழுத்தர். கடிதமும் மனுவும் அவர் கையால்தான் எழுதப்பட்டன. விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்திற்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. அவ்வறிவிப்பில் உண்மை முழுமையாக ஏற வேண்டுமானால், தொழிலாளியின் வீட்டில் எழுதத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும்.

ஆகவே, என் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர்க்குக் கட்டுரைப் பயிற்சியில் ஆண்டுதோறும் ஒரு பாடம் வைத்திருக்கிறேன். 'நான் கண்ட விபத்து' என்பது தலைப்பு. வருணனை வேண்டாம், உவமை வேண்டாம். நாள், நேரம், இடம், செய்த வேலை, கையாண்ட பொருள், கண்ட சாட்சி என ஆறும் இருந்தால் முழு மதிப்பெண். ஏனைய தமிழாசிரியர்களும் இதனைச் செய்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நஷ்ட ஈடு என்பது பிச்சையன்று, உரிமை. அவ்வுரிமையைக் கேட்பதற்குரிய முதற் கருவி எழுதுகோலே ஆகும்.