மராமத்துக்குக் கூலி

வல்லம் என்றால் பலருக்குத் தஞ்சாவூர் வல்லம்தான் நினைவுக்கு வரும். பல்லவர் வரலாறு படித்தவர்களுக்குச் செங்கல்பட்டுப் பக்கத்துக் குடைவரை வல்லம். இங்கே பேசப்போவது செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் இருக்கும் வல்லத்தைப் பற்றி. விழுப்புரம் மாவட்டத்து ஊராட்சி ஒன்றியங்களில் ஒன்று அது. குன்றும் மானாவாரியும் ஏரிப் பாசனமும் கலந்த பூமி. செஞ்சிப் பக்கத்துக் குன்றுகளில் விழும் மழை ஓடையாக இறங்கி ஏரியில் நிற்கும். ஏரி நிரம்பினால் மிகுதி நீர் வழிந்து கோடி போகும். கோடி போன தண்ணீர் அடுத்த ஏரிக்கு வரத்தாகும். கடைசி மிச்சம் சங்கராபரணியில் சேரும். இந்த ஏற்பாட்டில் எங்காவது ஒரு வாய் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது இந்த வட்டாரம் பார்த்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை. அப்படி ஒரு மழை ஓய்ந்ததும் டீக்கடையில் இரண்டு பேச்சு தவறாமல் எழும். அந்தக் காலத்தில் ஊரே கூடிக் குடிமராமத்து செய்தது, காசு வாங்காமல் கால்வாயை வெட்டியது என்பது ஒன்று. இப்போது எல்லாவற்றையும் காண்ட்ராக்டர் தின்றுவிட்டான் என்பது மற்றொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் வரலாறாக எடுத்துக்கொண்டால் இரண்டுமே பிழை. இந்த மண்ணில் நீர்வழிப் பழுது பார்க்கும் வேலை எக்காலத்திலும் இலவசமாக நடந்ததில்லை. அதற்கென்று ஒதுக்கிய பங்கு இருந்தவரை வேலை நடந்தது. பங்கு போனதும் வேலை மட்டும் கடமை என்ற பெயரில் நின்றது. இன்றைய சின்ன ஒப்பந்ததாரர் கைக்கு வந்திருப்பது பங்கில்லாத அந்த வேலைதான்.

ஏரியையும் டவுன் சாக்கடையையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கத்தான் வேண்டும். மிகுதி நீரைக் கரை உடையாமல் வெளியேற்றும் கலங்கல் வேறென்ன, மழைநீர் வடிகால்தானே? திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் தெருவோரம் ஓடும் கான்கிரீட் வடிகால், தண்ணீரை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பின்தொடர்ந்து நடந்தால் பெரும்பாலும் ஒரு பழைய வரத்துக் கால்வாயிலோ ஏரியிலோதான் போய் நிற்போம். சாலைக்கு அடியில் தண்ணீர் போக வைக்கும் சிறுபாலத்தைக் கல்வெர்ட் என்கிறோம். வேகமாகச் சொன்னால் காதில் கல்வெட்டு என்றே விழும். இரண்டையும் படித்தால்தான் இந்த வரலாறு புரியும் என்பதால் அந்த மயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

கல்வெட்டிலிருந்தே தொடங்கலாம். செங்கலும் மரமும் உலோகமும் சுண்ணமும் இல்லாமல் கோயில் எடுத்ததாக விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் எழுதிவைத்த முதலாம் மகேந்திரவர்மன், அரக்கோணம் பக்கத்து மகேந்திரவாடியில் தன் பெயரால் ஓர் ஏரியும் கண்டவன். 7ஆம் நூற்றாண்டிலேயே ஏரி என்பது அரசன் பெயர் தாங்கும் அளவுக்குப் பெரிய முதலீடு. ஏரி வெட்டியவன் பெயர் நிற்கும். அதை ஆண்டுதோறும் பராமரிப்பவன் பெயர் நிற்காது. அந்தப் பராமரிப்பு எப்படி நடந்தது என்பதற்கு உத்திரமேரூர்தான் நல்ல சாட்சி. பராந்தகச் சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காக மட்டும் மேற்கோள் காட்டிப் பழகிவிட்டோம். அந்தத் தேர்தல் எதற்கு என்பதை யாரும் விசாரிப்பதில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களில் ஒன்று ஏரி வாரியம். 6 பேர், 360 நாள் பதவி. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினர்களும் குடத்தில் பெயர் போட முடியாது. கணக்கு கேட்கிறார்கள் என்றால் கையில் பணம் இருந்தது என்று பொருள். வெறும் உடலுழைப்புக்கு இவ்வளவு கறாரான கணக்கு தேவைப்படாது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் விடை கல்வெட்டுகளிலேயே உண்டு. ஏரிப்பட்டி என்ற பெயரில் நிலம் ஒதுக்கியிருந்தார்கள். அதன் விளைச்சல் ஏரிக்கே. பொன்னாகவும் நெல்லாகவும் கொடுத்து, அதன் வட்டியில் ஆண்டுதோறும் தூர் எடுக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். முதல் அப்படியே நிற்க, வட்டியில் வேலை நடக்க வேண்டும் என்ற ஏற்பாட்டைச் சோழர் காலத்து ஊர்ச்சபை செய்திருக்கிறது. நம்முடைய பட்ஜெட் இன்னும் அங்கே வந்து சேரவில்லை.

சோழர் காலம் வெகுதூரம் என்றால் அருகில் வருவோம். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் செங்கல்பட்டுச் சீமையை ஊர் ஊராக அளந்தார். அந்தக் கணக்குகளில், அறுவடையான நெல் களத்துமேட்டை விட்டு நகர்வதற்கு முன்பே யார் யாருக்கு எவ்வளவு என்று பங்கு பிரிந்தது தெரிகிறது. கோயிலுக்கு, கணக்குப்பிள்ளைக்கு, தச்சனுக்கு, கொல்லனுக்கு, வெட்டியானுக்கு, ஏரிக்கும். இந்தப் பங்குகளுக்கு மேரை என்றும் சுதந்திரம் என்றும் பெயர். மதகைத் திறந்து மூடி வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விட்டவர் நீர்க்கட்டி. சில ஊர்களில் கம்புகட்டி. மடைவாயில் மண் அடைத்தால் முதலில் தெரிவது அவருக்குத்தான். முதலில் இறங்குவதும் அவர்தான். அவருக்கும் களத்தில் பங்கு உண்டு. இதை எழுதும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. தண்ணீரில் உரிமை வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் ஒரு சாதி; சேற்றில் இறங்கியவர்கள் வேறு சாதி. வட தமிழகத்தில் நீர்க்கட்டி, தோட்டி, வெட்டியான் வேலைகள் பெரும்பாலும் தலித்துகளின் தலையில்தான் விழுந்தன. ஆகவே அந்தப் பழைய ஏற்பாட்டைப் பொற்காலம் என்று பாட நான் தயாராக இல்லை. அதில் கற்க வேண்டியது ஒன்றே ஒன்று: வேலை ஆண்டு முழுதும் இருந்தது, அதற்கான கூலியும் ஆண்டுதோறும் இருந்தது.

1801இல் ஆற்காட்டு நவாபின் நாடு கம்பெனி கைக்கு வந்தபோது தென் ஆற்காடும் கூடவே வந்தது. ரயத்துவாரியில் அரசாங்கம் ஒவ்வொரு விவசாயியிடமும் நேராகப் பணமாக வரி கேட்டது. களத்துமேட்டுப் பங்குகள் நாளடைவில் தேய்ந்தன. 1850களில் கேப்டன் பேர்டு ஸ்மித் போட்ட கணக்குப்படி சென்னை மாகாணத்தில் சுமார் 53,000 ஏரிகள், 30,000 மைல் நீளக் கரைகள், மதகு கலங்கல் என்று 3 லட்சம் கட்டுமானங்கள் இருந்தன. அவற்றில் ஏறக்குறைய 10,000 ஏரிகள் பழுது. 3 லட்சம் கட்டுமானத்தை யார் பார்ப்பது? அரசாங்கம் கண்டுபிடித்த வழி 1858ஆம் ஆண்டின் முதலாம் சட்டம். கட்டாய உழைப்புச் சட்டம் என்று பெயர். பாசனமோ வடிகாலோ, வழக்கப்படி ஊர் கூடிச் செய்ய வேண்டிய வேலைக்கு வர மறுப்பவன் அந்த உழைப்பின் மதிப்பைப்போல் இரண்டு மடங்கு பணம் கட்ட வேண்டும் என்றது அது. ஏரியையும் சாக்கடையையும் ஒரே வரியில் சேர்த்தது நான் மட்டும் இல்லை என்பதற்கும் இதுவே சாட்சி. குடிமராமத்து என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். மராமத்து அரபியிலிருந்து பாரசீகம் வழியாக வந்த சர்க்கார் சொல். சங்க காலத்துப் பழக்கம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் சொல்லின் வயதையாவது கேட்டிருக்கலாம்.

அப்படியானால் ஊர் கூடி வேலை செய்ததே இல்லையா? செய்தது. கரையில் முள் வெட்டுவது, வரத்துக் கால்வாயில் மண் தள்ளுவது, உடைப்பு வந்த ராத்திரியில் வைக்கோலும் மூட்டையும் போட்டு அடைப்பது, இதெல்லாம் ஊர் செய்ததுதான். ஆனால் மதகுக் கல்லைப் பெயர்த்துக் கட்டுவதும் கலங்கல் சுவரை எழுப்புவதும் கொத்தன் வேலை, காசு வேலை. அது அரசன் பாடாகவும் அறக்கட்டளைப் பாடாகவுமே இருந்தது. அந்த எல்லைக் கோட்டைக் கம்பெனி தனக்கு வசதியாக நகர்த்திக்கொண்டது.

பிறகு வந்தது பொதுப்பணித்துறையும் அதன் எஸ்டிமேட்டும். பெரும் பஞ்சத்துக்குப் பின் 1883இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பின் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி துறைக்கு, அதற்குக் குறைவானது ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று பிரிந்தது. தண்ணீருக்கு அந்தப் பிரிவு தெரியாது. நகரத்தில் இதே வேலை நகராட்சியின் கைக்குப் போனது. விழுப்புரம் 1919இல் நகராட்சியானது. எங்கும் வேலையைக் கையில் எடுத்தவர் ஒப்பந்ததாரர். அவரை ஆள்வது எம்-புக் என்கிற அளவுப் புத்தகம். நீளம், அகலம், ஆழம், மொத்த அளவு என்று கட்டங்கள். புதுச் சுவர் அந்தக் கட்டங்களில் அழகாக உட்காரும். பழுது உட்காராது.

ஒரு மேன்ஹோலைத் திறந்து பார்த்தால் ஏன் என்று புரியும். கடப்பாரையால் மூடியை நெம்பினால் கீழே கறுப்புச் சேறு. நீர்மட்டத்துக்கு மேலே சுவர்ப்பூச்சு பொரிந்து நிற்கும். கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை ஈரச் சுவரில் வாழும் நுண்ணுயிர்கள் கந்தக அமிலமாக்குகின்றன. அமிலம் சிமெண்டைத் தின்கிறது. ஆணியால் கீறினால் செங்கல் இடுக்குச் சாந்து மாவாகக் கொட்டும். எஸ்டிமேட்டில் எழுதியிருப்பதோ பழைய பூச்சைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூச இத்தனை சதுர மீட்டர். உள்ளே இரண்டு வரிசைச் செங்கல்லே போய்விட்டது என்று கொத்தனார் சொன்னால், அதற்குத் திருத்திய மதிப்பீடு, மறு அனுமதி, மறுபடி காத்திருப்பு. முன்வைப்புத் தொகையைக் கட்டிவிட்டு, சித்தாளுக்குச் சனிக்கிழமை கூலி கொடுக்கக் கடன் வாங்கி, பில் எப்போது வரும் என்று அலைகிற சின்ன ஒப்பந்ததாரர் என்ன செய்வார்? மேலே பூசி மூடிவிடுவார். அடுத்த ஆண்டு வேறொரு துறை சாலையை உயர்த்திப் போடும்; மூடி பள்ளத்துக்குள் போகும்; அதை உயர்த்த இன்னொரு டெண்டர். வடிகாலில் எடுத்த வண்டல் கதை இன்னும் மோசம். கரையில் கொட்டிய சேற்றை அள்ளும் முன் ஒரு மழை பெய்தால் அது திரும்ப உள்ளே போய்விடும். எடுத்ததற்கும் எடுக்காததற்கும் அடையாளம் ஒன்றே.

இது ஒப்பந்ததாரர்களுக்கு வக்காலத்து என்று சிலர் சொல்லக்கூடும். ஊழல் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒப்பந்ததாரரை எடுத்துவிட்டால் பழுது தீருமா என்றுதான் கேட்கிறேன். அந்தச் சோதனை இந்த மாவட்டத்திலேயே நடந்தது. 2006இல் நூறு நாள் வேலைச் சட்டம் முதலில் வந்த 6 தமிழக மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. அந்தச் சட்டம் ஒப்பந்ததாரரை அடியோடு விலக்கியது. செலவில் கூலிக்கு 60, பொருளுக்கு 40 விழுக்காடு என்று வரம்பு கட்டியது. ஜனங்கள் அதை ஏரி வேலை என்றே சொன்னார்கள். பெண்களின் கைக்குக் கூலி வந்தது, மண்ணும் நகர்ந்தது. ஆனால் அதன் பலம் மண்வெட்டியில். மதகுக்கும் கலங்கலுக்கும் வேண்டிய கொத்தனார் வேலை ஓரத்தில் நின்றது. 2017 மார்ச்சில் மணிமங்கலத்தில் தொடங்கிய அரசின் குடிமராமத்துத் திட்டம் 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகளை எடுத்தது. விவசாயிகள் பங்கு 10 விழுக்காடு. பெயர் பழையது, ஏற்பாடு பழைய எஸ்டிமேட் ஏற்பாடே: ஒரு முறை செய், பில் போடு, போ. புதிதாகக் கட்டுவதில் உள்ள மோகமும் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்குத் தென்பெண்ணையே போதும். 2020இல் பயன்பாட்டுக்கு வந்த தளவானூர் தடுப்பணை 2021 ஜனவரியிலேயே உடைந்தது; சுமார் 70 ஆண்டு உழைத்த எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டு அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் சிதைந்தது. பிறந்த சில மாதத்தில் போனதும் வயதாகிப் போனதும் ஒரே ஆற்றில், ஒரே ஆண்டில்.

எந்திரம் வந்துவிட்டது, இனி என்ன என்பார்கள். மேன்ஹோல் என்ற பெயரையே மெஷின்ஹோல் என்று மாற்றப்போவதாக 2020 நவம்பரில் ஒன்றிய அரசு அறிவித்தது. மனிதரைக் கழிவுக்குழியில் பாதுகாப்பின்றி இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. இத்தனைக்குப் பிறகும் சாவு நிற்கவில்லை. அடைத்த பிறகு ஓடிப்போய்த் திறக்கும் வேலையாகவே இதை வைத்திருக்கிறோம்; அவசரத்தில் எந்திரம் வர நேரமாகும், ஆள் உடனே கிடைப்பார். அந்த ஆள் யார் என்பது நீர்க்கட்டியின் காலத்திலிருந்து அதிகம் மாறவில்லை. அவருக்கு அன்று களத்தில் கிடைத்த பங்கு மட்டும் இன்று இல்லை.

வல்லம் ஒன்றியத்து ஊராட்சிகளில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அக்டோபர் 2 கிராம சபையில் வடிகாலைப் பற்றிப் பேசிப் பயனில்லை. தீர்மானம் வேலையாக மாறுவதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். ஆகஸ்ட் 15 சுதந்திர தினக் கிராம சபையிலேயே எழுந்து கேளுங்கள்: ஊரில் எத்தனை மதகு, எத்தனை கலங்கல், எத்தனை சிறுபாலம்? அவற்றை ஆண்டுக்கு இரண்டு முறை திறந்து பார்க்கும் வேலை யாருடையது? அவருக்குச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து? பதிலைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.