கண்மாய்ச் சீமையின் தேடல்

ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தா’ 1922இல் ஜெர்மன் மொழியில் வந்தது. தமிழில் திருலோக சீதாராம் தந்தார். எங்கெங்கோ அலைந்த நாயகனுக்குக் கடைசியில் ஞானம் கொடுப்பது ஓர் ஆறு. ஓடக்காரன் வாசுதேவன் பக்கத்தில் உட்கார்ந்து அதன் ஓசையைக் கேட்கிறான். ஊற்றிலும் கடலிலும் ஒரே நேரத்தில் இருக்கும் தண்ணீருக்குக் காலம் கிடையாது என்று புரிகிறது. நாவல் வந்த மறு ஆண்டு, கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் அதைத் தொடங்கினார்கள். மருந்தில் முக்கிய குச்சி காய வெயில் வேண்டும். வானம் பார்த்த பூமியில் வெயிலுக்கா பஞ்சம்? வைப்பாறும் அர்ச்சுனா நதியும் குண்டாறும் மழைக்கு ஓடும், மற்ற நாளில் மணல். கரையில் உட்கார்ந்து கேட்க ஒன்றுமில்லாத இந்தச் சீமையில், ஆன்மத் தேடல் தண்ணீரைக் கேட்கவில்லை. வரவழைத்தது, தேக்கியது, அதற்குள் இறங்கியது என்பது என் வாதம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் திருப்பாவையில் மூன்றாம் பாசுரம் மாதம் மூன்று மழை கேட்கிறது. நான்காவது, மேகம் கடலில் புகுந்து முகந்து, ஏறி, கறுத்து, மின்னி, இடித்துக் கொட்டுவதைப் படிப்படியாகச் சொல்கிறது. மழைக்குக் காத்துக் கிடந்த கண்தான் மேகத்தை இவ்வளவு நேரம் பார்க்கும். ஆறிலிருந்து பதினைந்து வரை பத்துப் பாசுரம், மார்கழி நீராடப் போகும் பெண்கள் தூங்குகிற தோழிகளை எழுப்புவதற்கே. குளிக்க ஏன் இத்தனை பேர்? ஆறு யாரையும் எதிர்பார்க்காமல் ஓடும். கண்மாய்க்கு வரத்துக்கால் வெட்டவும், கரை உடையாமல் காக்கவும், மடை திறக்கவும் ஊரே வர வேண்டும். சித்தார்த்தன் நண்பன் கோவிந்தனையும் பிரிந்து போனவன். இந்தப் பெண்கள் ஒருத்தியையும் விட்டுவிட்டுப் போகமாட்டார்கள்.

பாசுரத்தின் களம் ஆயர்பாடி, ஆறு யமுனை, நீராட்டம் என்பது வியாக்கியானக்காரர்களுக்குக் கண்ணனோடு கலப்பதுதான் என்று மறுக்கலாம். மெய்தான், ஆனால் மழை வேண்டுதலை வெறும் குறியீடாக்கினால் பாட்டு பாதி வற்றிவிடும். இதைவிட வலுவான மறுப்பு பரிபாடலில் இருக்கிறது: மதுரைப் பெண்கள் தை நீராடியது வைகையில், அதுவும் கூட்டமாக. ஆகவே கூடி நீராடும் வழக்கத்தை வறட்சி உண்டாக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வில்லிபுத்தூர் அதைக் குளத்துக்குக் கொண்டுவந்தது. கங்கை, யமுனை, சரஸ்வதி மூன்றும் திருமுக்குளத்தில் வந்து சேர்ந்ததாகத் தலபுராணம். (கங்கையே ஆனாலும் இந்தப் பக்கம் குளத்தில் தேங்கினால்தான் நம்பிக்கை.) அந்தக் கரையின் நீராட்ட மண்டபத்தில்தான் மார்கழியில் ஆண்டாளுக்கு மூலிகைத் தைலம் சாத்தி எண்ணெய்க்காப்பு நடக்கிறது.

இதே சீமையில் பிறந்த ரமணர் தனியாகத் தேடியவர்தானே என்றால், ஆமாம். என் கூட்டக் கணக்கு அவரிடம் செல்லாது. தண்ணீர்க் கணக்கு செல்லும். 1879 டிசம்பர் 30 அன்று அவர் பிறந்த திருச்சுழி, குண்டாற்றங்கரை ஊர். ஊழி வெள்ளத்தைச் சிவன் சுழியாக்கிப் பூமிக்குள் இறக்கிய இடம் என்பது ஊர்ப்பெயருக்குச் சொல்லும் கதை. 1928இல் எழுதிய ‘உள்ளது நாற்பது’ நூலில், அகந்தை எழும் இடத்தைத் தேடுவதற்கு அவர் சொன்ன உவமை, நீரில் விழுந்த பொருளுக்காகப் பேச்சும் மூச்சும் அடக்கி மூழ்குவது. ஆற்றில் நழுவிய சொம்பு இந்நேரம் எந்த ஊர் தாண்டியிருக்குமோ. கிணற்றில் விழுந்தது விழுந்த இடத்திலேயே, சேற்றில் பாதி புதைந்து கிடக்கும்.